அம்பு ஒட்டாத ஊர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் ஃபைனல் செக்கிங் செய்கிறவள். பெட்டிக்குள் போகப்போகும் ஒவ்வொரு ஜோடியும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும், பசை ஒரு சொட்டு வழிந்திருந்தாலும், இடது காலின் நிறமும் வலது காலின் நிறமும் மயிரிழை மாறியிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே குறை. பதினெட்டு வருஷமாக இதே வேலை என்பதால் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கண் அவள் செருப்புக்குப் போகும். சாம்பாரில் உப்பு கம்மி என்று பந்தியில் முதலில் சொல்கிறவளும் நான்தான். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். "உன் வாய்லயே ஒரு அம்பு ஒட்டணும்டி" என்பார்.

அப்படிப்பட்ட நான் ரஷ்யாவில் பத்து நாள் இருந்துவிட்டு வந்து மறுபடி மேசையில் நின்றதும், பக்கத்து மேசைக்காரி கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டில் உருது பேசுகிறவள், எனக்குப் பன்னிரண்டு வருஷ தோஸ்த்.

"இன்னா பாத்தே அங்க? டிவில காட்டுவானே, கலர் கலரா கோபுரம், அத பாத்தியா?"

"இல்ல. பைப்பு பாத்தேன்."

"பைப்பா? அம்மாந்தூரம் பிளைட்டு ஏறிப் போயி பைப்பு பாத்துட்டு வந்தியா நீ?"

லைன் முழுக்கச் சிரித்தது. அந்தப் பைப்பை எப்படிச் சொல்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் அங்கே மருத்துவம் படிக்கிறாள். இரும்பு உருக்குகிற பெரிய ஊர் அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டாக்டர் படிப்புக்கு ரஷ்யா போவது இப்போது புதிதில்லை, எங்கள் தெருவிலேயே இவள் இரண்டாவது. மூன்றாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டு பெல் அடிக்கிற நேரத்தில் போன் செய்தாள். "ம்மா, எனக்கு இது வேணாம்மா. நான் வந்துட்றேன்" என்றாள். ஏன் என்று கேட்டால் அதையே திரும்பச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

வீட்டில் இரண்டு பேரும் பேசினோம். "நீ போ. உன்கிட்டதான் வாய தொறப்பா. இருக்கேன்னா விட்டுட்டு வா, முடியலன்னா கையோட இட்டுனு வந்துடு" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "திட்டாத" என்றும் சேர்த்துக்கொண்டார். போக ஒரு டிக்கெட், திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்தோம். அந்த இரண்டாவது டிக்கெட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அதுவரை திருப்பதியைத் தாண்டாத நான் விமானம் ஏறினேன்.

அவளுக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுபோனேன். எங்கள் கம்பெனியில் செய்தது. கணுக்கால் உயரம், உள்ளே மெத்தென்று லைனிங், ராணிப்பேட்டையில் பதம் போட்ட தோல். கம்பெனி ஆட்களுக்கென்று மிச்சச் சரக்கை விற்கிற நாளில் நானே தேடி எடுத்தேன். வளைத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். எங்கேயும் அம்பு ஒட்ட இடமில்லை.

விமான நிலையத்தின் கதவைத் தாண்டியதும் மூக்குக்குள் இருந்த ஈரம் விறைத்துக்கொண்டது. மூச்சு இழுத்தால் உள்ளே ஊசி இறங்குகிறது. மகள் ஓடிவந்து தன் துப்பட்டா போன்ற கம்பளித் துணியை என் முகத்தில் சுற்றினாள். "மொதல்ல மூக்க மூடும்மா." நான் அவள் காலைப் பார்த்தேன். கம்பளியை அடித்து அமுக்கி, குழாய் மாதிரி செய்த ஒரு பூட்ஸ். இடது எது வலது எது என்று தெரியாது, தையல் கிடையாது, வடிவம் கிடையாது. யானைக்குக் கால் செய்து மாட்டியது போல இருந்தது. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் உடம்பெல்லாம் அம்பு ஒட்டியிருப்பேன்.

"இத கழட்டிப் போடு. அம்மா கொணாந்திருக்கேன் பாரு" என்று பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அவள் பூட்ஸைத் திருப்பி அடிப்பக்கத்துச் சோலைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.

எனக்காக ஒரு வீட்டில் அறை எடுத்து, தானும் ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு அங்கே வந்து தங்கினாள். படிப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கும் போதெல்லாம், "அப்புறம் பேசலாம்மா. லீவு போட்டிருக்கேன். ஊர சுத்திக் காட்றேன் வா" என்பாள். கோயில், அரண்மனை என்று எதையாவது காட்டுவாள் என்று நினைத்தேன். "அதெல்லாம் எல்லாரும் பாக்கறது" என்றாள்.

முதலில் காட்டியது அந்தப் பைப்புதான். தெரு ஓரமாகவே வருகிறது. தண்ணீர் லாரியின் டேங்க் அளவு தடிமன், மேலே வெள்ளித் தகடு சுற்றியிருக்கிறது. வீதி குறுக்கிட்டால் நேராக மேலே ஏறி, பஸ்ஸும் லாரியும் அடியில் போக இடம் விட்டு, வாசல் வளைவு போல நின்று, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி ஓடுகிறது. ஊரில் பாதித் தூரம் அதைத் தொடர்ந்தே நடந்தோம். ஊர்க் கோடியில் ஒரு மின்நிலையம். அங்கே காய்கிற வெந்நீர்தான் இந்தப் பைப்பு வழியாகப் போய் ஒவ்வொரு வீட்டு அறையையும் சூடாக்குகிறதாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கள் அறை, எல்லாவற்றுக்கும் ஒரே அடுப்பு.

"ஊருக்கே ஒரே அடுப்பா?"

"கைய வெச்சுப் பாரும்மா."

தகடு கொஞ்சம் கிழிந்திருந்த இடத்தில் கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சுற்றிலும் இடுப்பளவு பனி கிடக்க, பைப்புக்கு அடியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பச்சைப் புல் முளைத்திருந்தது. மேலே இரண்டு பூனைகள் கால் நீட்டித் தூங்கின. எங்கள் வீட்டில் ஒரு பக்கெட் வெந்நீருக்குக் கம்பி ஹீட்டரைப் போட்டுவிட்டு, யாருக்காவது ஷாக் அடிக்குமோ என்று வாசலில் காவல் நிற்பேன். இங்கே யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், இத்தனை ஜனங்களும் குளிரில் சாகாமல் இருக்க இப்படி யோசித்திருக்கிறார். கையை எடுக்கவே மனசு வரவில்லை.

அடுத்த நாள் ஒரு பழைய குடியிருப்புக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். துணி காய்கிற பால்கனிகள், குப்பைத் தொட்டி, ஒரு நாய். "திரும்பிப் பாரு" என்றாள். நாலு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒரு பெண். விரல் நகம் அளவு வண்ணக் கண்ணாடிச் சில்லுகளை ஆயிரம் ஆயிரமாகப் பதித்து அவளைச் செய்திருந்தார்கள். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் ஏதோ அளவெடுக்கிற கருவி. கண்ணைச் சுருக்கி அதைப் பார்க்கிறாள். குறை கண்டுபிடிக்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்!

"இது யாருடி? ராணியா, சாமியா?"

"யாரும் இல்லம்மா. பேக்டரில வேல செய்ற பொம்பள. அவ்ளோதான்."

கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். வாணியம்பாடி வரை, வேலூர் வரை, ஹைவே ஓரம் எத்தனை பேருடைய படம் வைத்திருக்கிறார்கள். நூறு பஸ்ஸில் வந்து இறங்கி நூறு பஸ்ஸில் திரும்பிப் போகிற எங்களில் ஒருத்தியை யாராவது ஒரு கையகலச் சுவரிலாவது எழுதியிருக்கிறார்களா? சில சில்லுகள் உதிர்ந்து சிமெண்ட் தெரிந்தது. பையில் என் சிவப்பு அம்புத் தாள் இருந்தது, எங்கே போனாலும் இருக்கும். அதை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

இப்படியே ஐந்து நாள். உறைந்த ஆற்றின் மேல் நடந்து போனோம். எங்கள் பாலாற்றிலும் நடந்து போகலாம், தண்ணீர் இல்லாததால். இங்கே தண்ணீரே தரையாகி, அதில் துளை போட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆட்கள் மீன் பிடிக்கிறார்கள். மின்நிலையத்துச் சூட்டுத் தண்ணீர் விழுகிற ஒரு மூலையில் மட்டும் ஆறு உறையாமல் ஆவி பறக்க ஓடியது. வேறு ஊருக்குப் பறந்துபோக வேண்டிய வாத்துகள் போகாமல் அங்கேயே தங்கிவிட்டன. மகள் கோட்டுப் பையிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்ததும் அத்தனையும் அவளை நோக்கியே நீந்தி வந்தன. பழகிய ஆளிடம் வருவது போல வந்தன. அதை நான் கவனித்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியது. ரயில் பாதைகளுக்கு மேலே போகிற ஒரு நீளமான இரும்பு நடைபாலத்தில் ஏறினோம். கீழே எண்ண முடியாத தண்டவாளங்கள், சரக்கு வண்டிகள். தூரத்தில் தொழிற்சாலையின் புகைக்கூண்டுகள். "இங்கயே நில்லும்மா, இப்ப வரும்" என்றாள். எது வரும் என்று கேட்பதற்குள் தூரத்து மேட்டின் உச்சியில் ஒரு ரயில் வண்டி நின்றது. அதன் தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நெருப்பு, தண்ணீர் மாதிரி, மேட்டுச் சரிவில் வழிந்து இறங்கியது. அந்த நொடியில் வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. பனி, தண்டவாளம், பாலத்தின் கம்பி, என் கை, என் மகளின் முகம், எல்லாம் அதே நிறம்.

"ஐயோ" என்றேன்.

"இரும்பு காச்சின அப்பறம் மிஞ்சற கசடும்மா. கழிவு. கொண்டாந்து கொட்றாங்க."

கழிவா! ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷெட்டின் கழிவு போகிற கால்வாயைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புகிறவர்கள் நாங்கள். இந்தக் கழிவு நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெளிச்சம் மெல்ல மங்கி, வானம் திரும்பச் சாம்பலாகிற வரைக்கும் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி நடந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். மகள் நின்றுவிட்டாள். வலது கால் பூட்ஸின் சோல் நட்ட நடுவில், காய்ந்த அப்பளம் போல, இரண்டாக உடைந்திருந்தது. அவள் சாக்ஸ் பனியைத் தொட்டது.

எனக்கு உடனே புரிந்தது. குளிர் தேசத்துக்குப் போகிற சோலை ஐஸ் பெட்டிக்குள் வைத்து வளைத்துப் பார்க்க எங்கள் லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போகிறேன். இந்த ஜோடி குளிர் இல்லாத ஊர் ஒன்றில் சரக்கு வாங்குகிறவருக்குச் செய்தது. ஆம்பூர் வெயிலில் என் கட்டைவிரலுக்கு அது ரப்பர் மாதிரி வளைந்தது, நானும் பாஸ் போட்டுவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் நான் விட்ட தப்பு என் மகளின் காலுக்கா வர வேண்டும்?

"எனக்குத் தெரியும்மா, தாங்காதுன்னு. நீ ஆசையா கொணாந்தியே" என்றாள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி, படியிறங்கி, பாலத்துக்கு அடியில் ரயில்வே தொழிலாளர்கள் சாப்பிடுகிற ஒரு சின்னக் கேன்டீனுக்கு என்னை அவள்தான் வழி காட்டிக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்த பெண் என் மகளை ஏதோ செல்லமாகக் கூப்பிட்டு, சூடு வருகிற இரும்புப் பட்டைக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேட்காமலே டீ வந்தது. அந்த நாற்காலி இவளுக்கென்றே இருப்பது போலத் தெரிந்தது. வாத்துகள் நீந்தி வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"லீவுன்னியே. எத்தினி நாளா லீவு?"

டீ டம்ளருக்குள் பார்த்தபடியே சொன்னாள். "ஏழு வாரம்."

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு வயதான மனிதரிடம் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அவர் திட்டவில்லை. மெல்லக் கையை இழுத்துக்கொண்டு, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டாராம். மறுநாள் இவளுக்குப் போக முடியவில்லை. அதற்கு மறுநாள், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. ஒரு வாரம் ஆனதும், ஒரு வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. தினமும் காலையில் மற்றவர்களோடு பையை மாட்டிக்கொண்டு ஹாஸ்டலை விட்டுக் கிளம்பி, இருட்டும் வரை நடந்திருக்கிறாள். கை விறைத்தால் பைப்பு. பசித்தால் இந்தக் கேன்டீன். பேச்சுத் துணைக்கு வாத்து. அவள் எனக்குக் காட்டிய ஒவ்வொரு இடமும் அவள் வகுப்புக்குப் போகாத ஒவ்வொரு நாள்.

திட்டாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். திட்டினேன். ஏழு வாரமா ஊர் சுத்தினியாடி, நாங்க அங்க உன் படிப்ப நெனச்சுனு நிக்கறோம், நீ இங்க வாத்துக்கு ரொட்டி போடறியா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்லாப் பெண் மொழி புரியாமலே என்னை முறைத்தாள். கத்தி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷம், பையிலிருந்து அம்புத் தாளை எடுத்து, உடைந்த சோலில் ஒரு அம்பை ஒட்டினேன். அதைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"இன்னொரு டிக்கெட்டு வெச்சிருக்க இல்ல? போய்டலாம்மா."

"சரி, போலாம்" என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் வெளியே போகவில்லை. அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்ளோ காட்டினே. உன் காலேஜ மட்டும் காட்டலியே. ஊர்ல போனா கேப்பாங்கடி, பொண்ணு காலேஜ் எப்பிடி இருக்குதுன்னு. வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துட்றேன்."

கையிலிருந்த துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அந்த யானைக்கால் பூட்ஸை எடுத்து மாட்டினாள்.

வாசலில் நின்று பார்க்கிற குளிர் இல்லை அது. கனமான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். அங்கே ஒரு வழக்கம்: கோட்டோடு யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு நீளமான கவுண்டரில் கொடுத்தால் ஆணியில் மாட்டிவிட்டு, கோயிலில் செருப்புக்குக் கொடுப்பது போல நம்பர் டோக்கன் தருவார்கள். கவுண்டரில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மகள் என் பின்னால் ஒதுங்கி நின்றாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னென்னவோ பொரிந்து தள்ளினாள். அது திட்டு என்று புரிய எனக்கு ரஷ்ய மொழி தெரிய வேண்டியதில்லை, அது என் சொந்த பாஷை.

பிறகு மகளிடமிருந்து கோட்டை வாங்கிக்கொண்டு, முன்னால் காலியாக இருந்த ஆணிகளை விட்டுவிட்டு, கோட்டுகளுக்குள் நுழைந்து நுழைந்து உள் வரிசையின் கடைசிக்குப் போனாள். அங்கே ஒரு ஆணியில் ஒற்றை நீலக் கையுறை மட்டும் தொங்கியது. எங்கள் வீட்டுக்காரர் வேலூரில் வாங்கி, முதல் வருஷம் மகளுக்கு அனுப்பி வைத்த ஜோடியில் ஒன்று. அதற்கு மேல் கோட்டை மாட்டிவிட்டு, டோக்கனைக் கொண்டுவந்து கவுண்டரில் ‘டப்’ என்று வைத்தாள்.

"இன்னா சொல்றாங்க?"

மகள் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள். "என் நம்பர யாருக்கும் தரலையாம். எத்தினி பேர் கேட்டும் அந்த ஆணியில மாட்டலையாம். ஏழு வாரமா தனக்கு எவ்ளோ பேஜார் தெரியுமான்னு கேக்கறாங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பைப்பைப் பார்த்தேன், சுவர்ப் பெண்ணைப் பார்த்தேன், வானத்தில் நெருப்பைப் பார்த்தேன். எதையும்விட இதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்து, அம்மாவா என்பது போல மகளைக் காட்டிக் கேட்டாள். தலையாட்டினேன். தரை அழுக்காகாமல் இருக்க ஷூவுக்கு மேல் போடுகிற நீல நிறப் பிளாஸ்டிக் உறை ஒரு ஜோடி எனக்குத் தந்தாள்.

மேலே மணி அடித்தது. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் தடதடவென்று படியேறினார்கள். மகள் டோக்கனை விரல்களுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் என்றால் அதுதான். "இரும்மா, தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பனி உருகிக் கோட்டுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. கவுண்டர்ப் பெண் டீ கொடுத்தாள். நான் அவள் வேலைக் கோட்டில் பட்டன் தைத்திருந்த விதத்தைப் பார்த்தேன். குறையொன்றும் இல்லை.

மத்தியானம் இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு, கதவு வரைக்கும் வந்த பிறகு சொன்னாள்.

"ம்மா, நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு நீ தனியா போய்டுவியா? காலைல எனக்கு வார்டு இருக்குது."

மறுநாள் காலையில் போய்விட்டேன். ஒரு வார்த்தை ரஷ்யன் தெரியாமல், மகள் எழுதிக் கொடுத்த சீட்டை டிரைவரிடம் நீட்டி, பைப்பு வளைவுகளுக்கு அடியில் பஸ்ஸில் தனியாகப் போனேன். விமானத்தில் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. அதில் உடைந்த பூட்ஸ் இருந்த பையை வைத்துக்கொண்டேன்.